பறிப்பா, கொள்ளையா? எஃப்.ஐ.ஆரில் எழுதிய ஒரு வரி உங்களை உறுத்தியதுண்டா?

திருச்சி மருமகள்

எங்க மாமியாருக்கு நடந்தது. காலையில கோலம் போட்டுட்டு நிமிர்ந்தாங்க, பைக்ல ரெண்டு பேர். மிச்சம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அவங்க விடல. தாலிச் சங்கிலியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. பின்னாடி உட்கார்ந்திருந்தவன் இறங்கி வந்து, அவங்க தோள்ல காலை வச்சு உதைச்சுத் தள்ளித்தான் அறுத்தான். வாசப்படி விளிம்புல மோதி மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுபோச்சு. மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்த நான் அந்தச் செருப்புக் காலைக் கண்ணால பார்த்தேன்.

ஸ்டேஷன்ல நாங்க சொல்லச் சொல்ல ஒருத்தர் எழுதினார். எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்தா, "சங்கிலியைப் பறித்தபோது நிலைதடுமாறிக் கீழே விழுந்ததில் காயம்"னு இருக்கு. பிரிவு பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 304(2). கேட்டதுக்கு, "செயின் பறிப்புக்குன்னு தனிப் பிரிவே வந்தாச்சும்மா, அதுலதான் போடுவோம்"னாங்க. உதைச்சதும் தடுமாறினதும் ஒண்ணா? சங்கிலி போனதை விட இந்த வரிதான் என்னைத் தூங்க விடமாட்டேங்குது.

நாமக்கல் லாரிக்காரன்

தொப்பூர் இறக்கத்துக்கு முன்னாடி, ராத்திரி, டயர் சூடு ஆறட்டும்னு வண்டியை ஓரங்கட்டியிருந்தேன். கிளீனர் தூங்கிட்டான். மூணு பேர் வந்தாங்க, ஒருத்தன் கேபின்லயே ஏறி என் பக்கத்துல உட்கார்ந்தான். கையில கத்தி. அதை என் பக்கம் நீட்டவே இல்ல. "அண்ணே, டீசல் காசு எங்க வச்சிருக்கீங்க"ன்னு மரியாதையாக் கேட்டுக்கிட்டே, அந்தக் கத்தியால தன் கட்டைவிரல் நகத்தைச் சீவிக்கிட்டு இருந்தான். நகத் துணுக்கு என் மடியில விழுந்துச்சு. காசு, போன் ரெண்டையும் நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

இது பழைய ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) காலத்து வழக்கு. 392 (கொள்ளை), 397 (கொள்ளையில ஆயுதத்தைப் பயன்படுத்துறது) போட்டாங்க. கூண்டுல ஏறினப்போ எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "குத்தினாரா?" இல்லீங்க. "கழுத்தில் வைத்தாரா?" இல்லீங்க. "கையில் எடுத்துக் கொடுத்தது யார்?" நான்தானுங்க. அந்த மூணு பதிலும் உண்மை. ஆனா மூணையும் சேர்த்துக் கேட்டா நான் விரும்பி தானம் பண்ணின மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கு இருந்த பயத்தை எந்தக் கேள்வியும் கேட்கல.

வக்கீல் குமாஸ்தா (ஓய்வு)

தம்பி லாரிக்காரரே, 397 வழக்குகளில் அந்தக் கேள்வியைக் கேட்காத வக்கீல் இல்லை. ஆனால் பதில் 1975-லேயே வந்துவிட்டது. பூல் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பறிகொடுப்பவர் கண்ணில் படும்படி ஆயுதத்தை வைத்திருந்து அச்சமூட்டினாலே போதும், அது ஆயுதத்தைப் பயன்படுத்தியதுதான் என்று சொன்னது. குத்த வேண்டியதில்லை. நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள் என்பதும் வழக்கைக் கெடுக்காது. மிரட்டுகிறவன் எதிரிலேயே நின்று, அந்த நொடியே உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று அஞ்ச வைத்து, அங்கேயே அப்போதே கொடுக்கச் செய்தால் அது கொள்ளை. சட்டப் பிரிவிலேயே உதாரணம் போட்டிருக்கிறார்கள்: நெடுஞ்சாலையில் ஒருவன் துப்பாக்கியைக் காட்டிப் பணப்பையைக் கேட்கிறான், மற்றவர் கொடுத்துவிடுகிறார், இது கொள்ளை. 1860-லிருந்து அதே உதாரணம். சாதாரணமாகப் பத்து ஆண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில், பொழுது சாய்ந்து விடிவதற்குள் நடந்தால் 14 ஆண்டு வரை போகலாம். உங்களுடையது அந்த வகை.

திருச்சி அம்மாவுக்குத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.ஸில் 304 புதுப் பிரிவு. திடீரென்றோ வேகமாகவோ பலவந்தமாகவோ பறித்துக்கொண்டு ஓடுவது அதில் வரும். அதிகபட்சம் மூன்று ஆண்டு, அபராதம். அந்தப் பிரிவு வந்ததால் கொள்ளைக்கான 309 செத்துவிடவில்லை. திருடுவதற்காக, திருடும்போது, அல்லது திருடியதைக் கொண்டுபோவதற்காக ஒருவருக்குக் காயம் செய்தாலோ, தடுத்து நிறுத்தினாலோ, உடனடிக் காயம் வரும் என்று அஞ்சவைத்தாலோ அது கொள்ளை. "அதற்காக" என்பதுதான் உயிர்நாடி. எடுத்த பொருளைப் போட்டுவிட்டு, தப்பித்தால் போதும் என்று கல்லெறிந்து ஓடினால் அது கொள்ளை ஆகாது. உங்கள் மாமியார் பிடியை விடாததால்தானே உதைத்தான்? அப்படியானால் அதற்காகவேதான் உதைத்திருக்கிறான். காயத்தோடு கொள்ளை 309(6), ஆயுள் வரை போகும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம், ஆகவே கொள்ளையின்போது கொடுங்காயம் செய்வதற்கான 311-ம் பார்க்க வேண்டும். அதில் ஏழு ஆண்டுக்குக் குறைத்துத் தண்டிக்க முடியாது. மூன்று ஆண்டு எங்கே, ஏழு ஆண்டு எங்கே!

உடனே செய்யுங்கள்: ஆஸ்பத்திரியில் முதலில் காட்டியபோது போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை வாங்குங்கள். அதில் "தெரியாத நபர் உதைத்துத் தள்ளியதால்" என்று டாக்டர் எழுதியிருந்தால் அதுவே பெரிய சாட்சி. காயச் சான்றிதழும் எக்ஸ்ரேயும் விசாரணை அதிகாரியிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். நீங்கள் நேரில் பார்த்தவர், உங்கள் வாக்குமூலத்தில் உதைத்தது வர வேண்டும். பிரிவை மாற்றிக் கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்புவது அவர்களுக்கு அன்றாட வேலைதான். மறுத்தால் எஸ்.பி. அல்லது கமிஷனருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

சிராங்கூன் ராஜா

சிங்கப்பூர்ல இருந்து எழுதறேன். இங்கயும் வேர் அதே சட்டம்தான், எண்கூட மாறல, 390, 392. ஆனா இரவு 7-லிருந்து காலை 7 வரைன்னு மணிக் கணக்கே வச்சிருக்காங்க. அந்த நேரத்துல செஞ்சா குறைஞ்சது மூணு வருஷம், பன்னிரண்டு பிரம்படி. என் ரூம்மேட் வேலை முடிஞ்சு வர்றப்போ கழுத்தைப் பின்னாலிருந்து வளைச்சுப் பிடிச்சாங்க. போலீஸ் அவர்கிட்ட முதல்ல கேட்டதே "மணி என்ன?"ன்னுதான். எதுக்குக் கேட்டாங்கன்னு இப்பத்தான் புரியுது.

சேலத்து அத்தை

எனக்கு வந்தது போன். பேரன் ஸ்கூலுக்குப் போயிருந்த நேரம். "பையன் எங்ககிட்ட இருக்கான், பணம் அனுப்பு"ன்னு ஒரு குரல், பின்னாடி ஒரு குழந்தை "பாட்டி"ன்னு அழுவுது. அந்த அழுகை என் பேரன் குரல் மாதிரியே இருந்துச்சு. ஸ்கூலுக்குப் போன் போட்டா அவன் வகுப்புல உட்கார்ந்திருக்கான். அதுக்குள்ள பாதிப் பணம் போயிடுச்சு. இது கொள்ளையில வராது, மிரட்டிப் பணம் பறித்தல்னு சொல்லி சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் புகார் கொடுக்கச் சொன்னாங்க. ஆள் எதிர்ல நிக்கலையாம். குமாஸ்தா சார் சொன்ன அதே பழைய உதாரணங்கள்லயே இதுவும் இருக்குன்னு வக்கீல் காட்டினார்: உன் குழந்தை எங்க கூட்டத்துக் கையில, பத்தாயிரம் ரூபா அனுப்பலேன்னா கொன்னுடுவோம்னு. அத்தனை வருஷத்துக்கு முன்னாடியே இதை யாரோ யோசிச்சு வச்சிருக்காங்க.

வியாசர்பாடி அம்மா

எல்லாரும் கொள்ளைன்னு போடலையேன்னு வருத்தப்படறீங்க. என் கதை தலைகீழ். என் மவன் பஸ்ல ஒருத்தர் பையிலேருந்து போனை எடுத்தான். எடுத்தது எடுத்ததுதான், நான் மறைக்கல. கோர்ட் வராந்தாவுல வக்கீல் எஃப்.ஐ.ஆரைப் படிச்சுக் காட்டினார்: "கத்தியைக் காட்டி, கொன்றுவிடுவேன் என மிரட்டி, சட்டைப்பையில் இருந்த 500 ரூபாயைப் பறித்து." போலீஸ்காரர் பிடிச்சுக்கிட்டு நின்ன என் மவன் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான், இல்லம்மான்னு. மகஜர்ல, அதான் போலீஸ் பொருளைக் கைப்பத்தினதா எழுதற பட்டியல்ல, மரக் கைப்பிடி போட்ட கத்தின்னு இருக்கு. அந்தக் கத்தி எங்கேருந்து வந்துச்சு?

குமாஸ்தா ஐயா, பிரிவை ஏத்துறது அன்றாட வேலைன்னு சொன்னீங்களே. எங்க பக்கத்துப் பசங்களுக்கு ஏத்துறதுதான் அன்றாடம். திருட்டுக்கு மூணு வருஷம், இதுக்குப் பத்து வருஷம்.

நாமக்கல் லாரிக்காரன்

அக்கா, உங்க வேதனை புரியுது. அதுக்காக நான் பார்த்த கத்தியும் பொய்னு ஆயிடாது.

வியாசர்பாடி அம்மா

உங்க கத்தியைப் பொய்னு நான் சொல்லல தம்பி. உங்க மடியில நகம் விழுந்துச்சு, அதை நம்புறேன். என் மவன் வழக்குல அப்படி ஒண்ணு சொல்றதுக்கு யாரும் இல்லையேங்கறேன்.

வக்கீல் குமாஸ்தா (ஓய்வு)

அம்மா, பிரிவை மாற்றுவது என்றுதான் எழுதினேன், ஏற்றச் சொல்லவில்லை. நடந்தது எதுவோ அதுதான் பிரிவு. உங்கள் பையனுக்கும் அதே நியாயம்தான். எதிரில் நின்ற பயமும் பலவந்தமும் இல்லையென்றால் அது 303(2), வெறும் திருட்டு. போனைப் பறிகொடுத்தவர் கூண்டில் என்ன சொல்கிறார், மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சிகள் யார் என்பதில்தான் வழக்கு நிற்கும். பஸ்ஸில் கேமரா இருந்ததா என்று இன்றே விசாரியுங்கள். பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும், அதனால் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி வக்கீல் மனுப் போடட்டும். காயம் சேராத கொள்ளை, அதாவது 309(4) மட்டும் என்றால் 60 நாளில் குற்றப்பத்திரிகை வர வேண்டும், வராவிட்டால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை. காயம் சேர்த்து 309(6) போட்டிருந்தால் அது 90 நாள் ஆகிவிடும். ரிமாண்ட் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, எந்தப் பிரிவு என்பதை முதலில் பாருங்கள்.