நம்ம குடும்பம் குரூப்: லண்டன் மேயர் பேச்சு

கவிதா: பெரியப்பா நேத்து போன்ல எங்க ஊர் மேயர் யாருன்னு கேட்டீங்கல்ல, பஸ்ல சத்தம், ஒழுங்கா பேச முடியல. பேரு சாதிக் கான். நாங்க இருக்குற டூட்டிங்ல தான் 1970ல பொறந்தாரு. அப்பா பஸ் டிரைவர், அம்மா துணி தைப்பாங்க, எட்டு பிள்ளைங்க, இவரு அஞ்சாவது, அத்தனை பேரும் மூணு பெட்ரூம் கவுன்சில் வீட்ல, அதாவது உள்ளாட்சி வாடகைக்கு விடுற வீடு

பெரியப்பா: பாகிஸ்தான்காரர்னாங்களே

கவிதா: அப்பா அம்மா அங்கிருந்து வந்தவங்க. தாத்தா பாட்டிக்கு லக்னோ, பிரிவினையப்போ அந்தப் பக்கம் போயிட்டாங்க

முரளி மாமா: எப்படி மேல வந்தாரு

கவிதா: வக்கீல் மாமா, மனித உரிமை கேஸ். 1994ல கவுன்சிலர், 2005ல டூட்டிங் எம்பி, 2016ல மேயர். 2021, 2024லயும் ஜெயிச்சாரு, மூணு தடவ ஜெயிச்ச லண்டன் மேயர் இவருக்கு முன்னாடி யாருமே இல்ல

சுதா அத்தை: அது சரிடி, ஜனங்களுக்கு என்ன செஞ்சாரு அத சொல்லு

கவிதா: பஸ் தான் அத்தை முதல்ல. முன்னாடி பஸ் மாறுற ஒவ்வொரு தடவையும் காசு போகும். இப்ப முதல் பஸ்ல கார்டை வச்சா ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பஸ் மாறினாலும் மறுபடி எடுக்காது, அதே கார்டை வைக்கணும் அவ்ளோதான். விடியறதுக்குள்ள ஆபீஸ் கூட்டப் போறவங்க ரெண்டு மூணு பஸ் மாறித்தான் போவாங்க, அந்த வலி பஸ் டிரைவர் பையனுக்குத் தெரியும்னு நான் நம்புறேன்

முரளி மாமா: பழைய வண்டிக்கு தினம் காசுன்னு போட்டு ஜனங்க கேமராவையே வெட்டிப் போட்டாங்களே, நியூஸ்ல பாத்தேன்

கவிதா: ஆமா மாமா, யூலெஸ்னு பேரு. புகை கக்குற வண்டிய எடுத்தா ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு, வண்டி நம்பர பாத்து பிடிக்கத்தான் அந்தக் கேமரா. 2019ல நடு லண்டன் மட்டும், 2023 ஆகஸ்ட்ல ஊர் முழுக்க. அந்தக் கோபத்துல லண்டன் ஓரத்துல இருக்குற அக்ஸ்பிரிட்ஜ் எம்பி இடைத்தேர்தல்ல இவரோட லேபர் கட்சி தோத்து, சொந்தக் கட்சித் தலைவரே யோசிங்கன்னாரு, இவரு பின்வாங்கல. இங்க மெயின் ரோட்டுக்குப் பக்கத்துல இருந்த ஒன்பது வயசுப் பொண்ணு ஆஸ்துமால 2013ல போயிடுச்சு, காத்து மாசும் ஒரு காரணம்னு 2020 விசாரணைல பதிவே பண்ணாங்க. இவருக்கும் பெரியவரானப்புறம் தான் ஆஸ்துமா வந்துச்சு

முரளி மாமா: இருந்தாலும் பழைய வேன் வச்சு பொழைக்கிறவன் எங்க போவான்

கவிதா: வண்டிய ஸ்கிராப்புக்குக் கொடுத்தா காசு கொடுத்தாங்க. எல்லாருக்கும் அது போதலன்றது நிஜம் தான் மாமா

சுதா அத்தை: சின்னவனுக்கு ஸ்கூல்ல சாப்பாடுன்னியே அதுவும் இவரா

கவிதா: ஆமா அத்தை! ரெண்டாவது வரைக்கும் அரசாங்கம் ஏற்கெனவே கொடுக்குது, மூணாவதுல இருந்து ஆறாவது வரைக்கும் 2023 செப்டம்பர்ல இவரு ஆரம்பிச்சாரு. பணக்காரன் ஏழைன்னு பாக்காம கவர்மென்ட் பிரைமரி ஸ்கூல் பிள்ளைங்க எல்லாருக்கும்

சுதா அத்தை: நம்ம சத்துணவு மாதிரி. நல்லா இருக்கட்டும்

பெரியப்பா: அடுத்த எலெக்ஷன் எப்போ

கவிதா: 2028. எங்களுக்கும் ஓட்டு உண்டு

பெரியப்பா: இந்தியன் பாஸ்போர்ட் வச்சிக்கிட்டா??

கவிதா: ஆமா பெரியப்பா, விசாவோட இங்க குடியிருக்குற காமன்வெல்த் நாட்டுக்காரங்க எல்லாருமே போடலாம், பேரை மட்டும் லிஸ்ட்ல சேத்துடணும்