வனத்துக்கு அடியில் 70 மீட்டர்: சுரங்கம் தோண்டும் டிபிஎம் இயந்திரத்தை எவ்வளவு நம்பலாம்?

மெக்ரிச்சி நடையாளி:
சிங்கப்பூரின் குறுக்குத் தீவு ரயில் பாதை மத்திய நீர்ப்பிடிப்பு வனத்துக்கு அடியில் 2 கிலோமீட்டர் போகும் என்று 2019 டிசம்பரில் முடிவானது. இனி மாறாது, தெரியும். ஆனால் "70 மீட்டர் ஆழம், மேலே ஒன்றும் ஆகாது" என்று எல்லாரும் பேச்சை முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2008இல் வட்டப் பாதை ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும்போது கார்ன்வால் கார்டன்ஸில் சாலை உள்வாங்கியது. சாலை என்றால் நிரப்பி மூடிவிடலாம். ஓடையும் மரமும் போனால்? வனத்தைச் சுற்றி 9 கிலோமீட்டர் போயிருக்கலாம். பயணத்தில் கூடுதல் 6 நிமிடம்தானே.

ஜூரோங்வாசி:
கூடுதல் செலவு 2 பில்லியன் வெள்ளி. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த 6 நிமிடமும் ஒரு நாளைக்கு மட்டும் இல்லை, வேலைக்குப் போகிறவருக்கு ஆயுசு முழுக்க.

நைட் ஷிப்ட்:
அக்கா, நான் டிபிஎம்மில் செக்மென்ட், அதாவது சுரங்கச் சுவருக்கான கான்கிரீட் துண்டு, மாட்டுற வேலை பார்க்கிறவன். உங்க பயம் நியாயம்தான். ஆனா நிலம் இறங்குறதுக்கு ஆழத்தைவிட முக்கியமான காரணம் வேற. மெஷினுக்கு முன்னாடி பாதி பாறை, பாதி மண்ணா வந்தா அதுதான் மோசம். பாறைக்காக மெஷின் மெதுவா போகும், அதுக்குள்ள மேல்பாதி மண் அளவுக்கு மீறி உள்ளே சரிஞ்சு வந்துடும். மேலே பள்ளம் விழுறது அப்படித்தான். 70 மீட்டரில் முழுக் கருங்கல்லா இருந்தா அந்தப் பிரச்சினை இல்லை.

மெக்ரிச்சி நடையாளி:
"இருந்தா" என்கிறீர்கள் தம்பி, அங்கேதான் என் கேள்வி. கருங்கல்லிலும் வெடிப்பு இருக்கும், அதில் தண்ணீர் இருக்கும். புக்கிட் தீமா கருங்கல் மெஷினின் பாறை வெட்டும் கட்டர்களைச் சீக்கிரம் தேய்த்துவிடும் என்பதும் தெரிந்ததே. நடுவழியில் மெஷின் நின்றுபோனால், வேறு இடத்தில் மேலிருந்து குழி இறக்கிச் சரிசெய்வார்கள். வனத்தில் அது முடியாது.

நைட் ஷிப்ட்:
கட்டர் மாத்த மேலே குழி வேண்டாம், உள்ளேயிருந்தே மாத்துவோம். பாறை உறுதியா இருந்தா சாதாரணமாவே மெஷினோட முகப்புக்குப் போய் மாத்தலாம். தண்ணி வர்ற இடம்னா காற்றழுத்தம் ஏத்தின அறைக்குள்ளே போகணும். காது அடைக்கும், குரல் மூக்கால பேசுற மாதிரி மாறும். வேலை முடிஞ்சதும் அழுத்தத்தை மெல்ல மெல்ல இறக்கித்தான் வெளியே விடுவாங்க. அவசரப்பட்டா மூட்டு வலியில் ஆரம்பிச்சு உயிருக்கே ஆபத்து. "மெஷின்தானே தோண்டுது"னு சொல்றவங்க இதையும் தெரிஞ்சுக்கணும்.

மேலிருந்து குழி இறக்க முடியாதுங்கிறது உண்மை. நான் மறுக்கலை. அதனாலதான் முன்கூட்டியே துளை போட்டுப் பார்க்கணும்.

ஜூரோங்வாசி:
2017இல் போட்டார்களே, 16 துளைகள். முதலில் 72 என்றுதான் திட்டம். வனம் கெடக்கூடாது என்று குறைத்தார்கள்.

மெக்ரிச்சி நடையாளி:
ஆமாம். துளை போடவே வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. துளை குறைந்ததால் அடியில் என்ன இருக்கிறது என்பதும் குறைவாகத்தான் தெரியும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. தம்பி, மெஷின் போகும்போதே முன்னால் இருப்பதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

நைட் ஷிப்ட்:
உண்டு அக்கா. மெஷினுக்கு உள்ளேயிருந்தே முன்னாடி நீளமா துளை போடலாம். தண்ணி பீச்சினா சிமெண்ட் கலவை ஏத்தி வெடிப்பை அடைச்சிட்டுத்தான் நகரணும். அதுக்காக மெஷினை நிறுத்தணும், நாள் போகும். அப்படி நிறுத்த மேலதிகாரிங்க சம்மதிக்கணும். நீங்க கேட்க வேண்டியது அதைத்தான்.