மறு: இன்டேக் மேனிஃபோல்டு – 'வரத்துக்கிளை' என்று வைக்கலாமா?

வணக்கம்.

> 'உள்ளெடுப்புப் பன்மடி' என்றே வைத்துக்கொள்வோம். கணிதத்தில் புழங்கும் சொல்தானே.

கணிதத்தில் புழங்குவதால்தான் எனக்குத் தயக்கம், ஐயா. அங்கே அது ஒரு வெளியின் பெயர். இங்கே நாம் தமிழில் பேர் வைப்பது, எஞ்சினின் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும், தூக்கினால் கை கனக்கும் வார்ப்புக் குழாய்க்கு. 'பன்' என்பதும் உறுத்துகிறது. அம்பாசடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959-இல் அதில் ஏறிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் பி.எம்.சி. கார் நிறுவனம் 'பி வரிசை' என்று பேர் வைத்தது. சிலிண்டர் நான்கு; ஆனால் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில், பெட்ரோல்-காற்றுக் கலவை நுழையும் வாய் இரண்டே. முன் இரண்டு சிலிண்டருக்கு ஒன்று, பின் இரண்டுக்கு ஒன்று. புகை வெளியேற மூன்று வாய். ஆக, அந்தக் கலவையைத் தயாரிக்கும் கார்புரேட்டரிலிருந்து போகும் குழாய்க்கு இரண்டே கை. இரண்டைப் பன்மை என்பதற்குத் தமிழ் இலக்கணம் இடம் கொடுக்கும். பட்டறையில் கொடுக்க மாட்டார்கள்.

மற்ற பரிந்துரைகள்: 'உறிஞ்சுகுழல்' இளநீர்க் கடையில் ஏற்கெனவே இருக்கிறது. 'உட்கிளைக்குழல்' என்றால் கிளைக்குள் கிளை என்று படிக்கத் தோன்றும். 'பகிர்குழல்' எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அதே எஞ்சினில் தீப்பொறியைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு நாளை சொல் தேடும்போது முட்டிக்கொள்வோம்.

என் பரிந்துரை: வரத்துக்கிளை. புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் போக்குக்கிளை.

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால். புகைபோக்கி வீட்டுக்கூரையிலேயே இருக்கிறது. இரண்டும் நம்மிடம் இருக்கும் சொற்கள். புதிதாகக் கட்டவேண்டியது இல்லை. வரத்து வால்வு, வரத்து வாய், வரத்து வீச்சு (இன்டேக் ஸ்ட்ரோக்) என்று குடும்பமே வந்துவிடும். கார்புரேட்டர் வண்டியில் இந்தக் குழாய் வழியே போவது பெட்ரோல் கலந்த காற்று, டீசலில் வெறும் காற்று. 'கலவைக்குழல்' என்று வைத்தால் டீசலில் பொய்யாகிவிடும். வரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

> புகைக் குழாயில் கைகள் சேர்கின்றன, பிரியவில்லை. அதைக் கிளை என்பது சரியா?

நல்ல கேள்வி. பிரிவது கிளையாறு, சேர்வது துணையாறு என்று நாமே பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் திசையை 'வரத்து', 'போக்கு' இரண்டும் சொல்லிவிடுகின்றன. 'கிளை' வடிவத்தை மட்டும் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

சொல் நிற்குமா என்பது வேலையை எழுதிப் பார்த்தால்தான் தெரியும். ஹெட் வேலை முடிந்து பூட்டும் கட்டத்தை எழுதிப் பார்த்தேன்:

"பி வரிசையில் வரத்துக்கிளை, போக்குக்கிளை இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கம். இடையில் கசியாமல் இருக்க வைத்த பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது, பொருந்தும் முகத்தில் கீறல் விழக்கூடாது. நேர்ச்சட்டத்தை முகத்தின் மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார். நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது. லேத்துப் பட்டறைக்கு அனுப்பு. அடுத்தது பலரும் விட்டுவிடுவது. இரண்டு கிளைக்கும் நடுவில் வரும் ஸ்டட்டுகளில் (நட்டு ஏறும் மரையுள்ள தண்டுகள்) தடித்த பெரிய வாஷர் உண்டு. அதன் பாதி வரத்துக்கிளையின் விளிம்பிலும் மறுபாதி போக்குக்கிளையின் விளிம்பிலும் உட்காரும். ஒரே நட்டு இரண்டையும் பிடிக்கும். ஒரு விளிம்பு மயிரிழை தடித்திருந்தாலும் வாஷர் சாய்ந்து, மெலிந்த பக்கம் பிடிப்பில்லாமல் நிற்கும். நட்டு முறுக்கேறியது கைக்குத் தெரியும், பிடிக்காதது தெரியாது. இரண்டு விளிம்பையும் வெர்னியரில் அள. வித்தியாசம் இருந்தால் தடித்த விளிம்பில் உட்காரும் பாதியை மட்டும் அரைத்து வாஷரில் படி எடு. புதுப் பேக்கிங் வைத்து, எல்லா நட்டையும் கையால் ஏற்றி, நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் சுற்றுச்சுற்றாக முறுக்கு. எஞ்சின் சூடாகி ஆறியபின் மறுபடி ஒருமுறை. வரத்துக்கிளை ஓரத்தில் காற்று இழுத்தால் கலவை மெலிந்து ஸ்லோ (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் ஓட்டம்) நிற்காது, மிஸ்ஸிங் வரும் (விட்டுவிட்டு ஓடும்), கார்புரேட்டர் வழியே டப்பென்று திருப்பி அடிக்கும். ஓடும்போது இணைப்பில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார். பெட்ரோல் விட்டுப் பார்க்காதே, போக்குக்கிளை பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருக்கிறது."

எழுதும்போது எங்கும் தட்டவில்லை. 'பன்மடி' போட்டு எழுதியபோது, 'உள்ளெடுப்புப் பன்மடியின் விளிம்பும் வெளியேற்றப் பன்மடியின் விளிம்பும்' என்பதிலேயே மூச்சு வாங்கியது.

பேக்கிங், ஸ்டட், வாஷர் மூன்றையும் தொடவில்லை, வேண்டுமென்றேதான். பேக்கிங் எப்போதோ தமிழாகிவிட்டது. மெக்கானிக் அண்ணன் 'மேனிபோல்' என்றுதான் சொல்வார், சொல்லட்டும். நாம் தேடுவது பாடநூலுக்கும் கையேட்டுக்கும்.

தீராதது ஒன்று: போர்ட்டுக்கு 'வாய்' போட்டிருக்கிறேன். முன்பு இங்கே 'துளை' என்று முடிவானதாக நினைவு. துளை என்றால் ட்ரில் போட்ட ஓட்டைதான் என் கண்ணுக்கு வருகிறது. இது வார்ப்பிலேயே வளைந்து வால்வு வரை போகும் வழி. நம் சொற்பட்டியலில் 'வரத்து வாய்' என்று மாற்றலாமா? மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள்.