இருசமபக்க முக்கோணத்தின் சமபக்கம்: ‘தோள்’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

‘இருசமபக்க முக்கோணம்’ என்ற பெயரில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை. வேரூன்றிய சொல், அதைப் பிடுங்க வேண்டாம். அந்தச் சமபக்கங்களில் ஒன்றை மட்டும் சுட்ட நமக்குச் சொல் இல்லை என்பதுதான் என் கவலை. அடிப்பக்கம், உச்சி, குத்துயரம் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. இதை மட்டும் ‘சமமான பக்கங்களில் ஒன்றின் நீளம்’ என்று ஒவ்வொரு முறையும் நீட்டி எழுதுகிறோம். ‘சமபக்கம் 13’ என்று சுருக்கினாலோ, மாணவரின் மனம் சமபக்க முக்கோணத்துக்குத் தாவிவிடுகிறது. மூன்று பக்கமும் 13 என்று எடுத்துக்கொண்டு சுற்றளவு 39 என்று எழுதிவிடுகிறார்.

சொல் இல்லாததால் கணக்கே இரண்டுபட்டுப் போவதும் உண்டு. ‘இருசமபக்க முக்கோணம் ஒன்றின் இரு பக்கங்கள் 5 செ.மீ., 8 செ.மீ.; சுற்றளவு என்ன?’ 5 இருமுறை வந்தால் 18, 8 இருமுறை வந்தால் 21. இரண்டுமே சரி. (4, 9 என்று கொடுத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, 4, 4, 9 முக்கோணமே ஆகாது, விடை 22 மட்டும்தான்.) தெரிந்தே இரு விடை கேட்பது அழகான கணக்கு. தெரியாமல் அப்படி அமைந்துவிட்டால் மாணவர்தான் தவிக்கிறார்.

முந்தைய மடலில் இந்தப் பக்கத்தைக் ‘கால்’ என்று அழைக்கலாம் எனப் பரிந்துரைத்திருந்தீர்கள். இம்முக்கோணத்தின் ஆங்கிலப் பெயர் ‘ஐசோசெலிஸ்’ (isosceles) கிரேக்கத்திலிருந்து வந்தது; அங்கே ‘ஐசோஸ்’ சமம், ‘ஸ்கெலோஸ்’ கால். ஆகவே மூலத்துக்கு நேரான சொல் என்பது உண்மை. ஆனால் தமிழில் கால் என்பது நான்கில் ஒரு பங்கும் ஆயிற்றே! ‘காலின் வர்க்கம்’ என்றால் பதினாறில் ஒன்று என்று ஒருவர் எழுதினால் அவரை எப்படிக் குறை சொல்வது? ‘சாய்பக்கம்’ என்பதும் நிற்காது. முக்கோணத்தைத் திருப்பி வரைந்தால் அந்தப் பக்கமே கிடையாகிவிடும்.

என் பரிந்துரை ‘தோள்’. உச்சியைத் தலை என்று கொண்டால் அதன் இருபுறமும் இறங்குபவை தோள்கள். எப்படித் திருப்பி வரைந்தாலும் இரு தோள்களும் சேரும் இடமே உச்சி. வடமொழி இம்முக்கோணத்தைக் கைகளைக் கொண்டுதான் பெயரிட்டது. இலங்கைப் பாடநூல்களில் கோணத்தின் கை ‘புயம்’. அதற்குத் தமிழ் தோளே.

எழுதிப் பாருங்கள். சுற்றளவு = இரு தோள் + அடிப்பக்கம். குத்துயரத்துக்கு, தோளின் வர்க்கத்திலிருந்து அடிப்பக்கப் பாதியின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் காண வேண்டும். தோள் 13, அடிப்பக்கம் 10 என்றால் 169 − 25 = 144; உயரம் 12, சுற்றளவு 36. அதே தோளுக்கு அடிப்பக்கத்தை 24 ஆக விரித்தால் உயரம் 5க்கு இறங்கும், சுற்றளவு 50 ஆகும். பரப்போ இரண்டிலும் 60தான். ‘அதே தோள்’ என்று இரண்டே சொல்லில் இதைச் சொல்ல முடிந்ததே, அதற்காகத்தான் இவ்வளவு வாதாடுகிறேன். அடிப்பக்கத்தை ‘அடி’ என்று குறுக்க வேண்டாம். ‘அடி 10 அடி’ என்று வந்து நிற்கும்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. அடிப்பக்கத்தின் முனையிலிருந்து தோளுக்கு வரையும் குத்துயரம் வேறு. மேற்கண்ட முக்கோணங்களில் அது 120/13. ‘தோளுயரம்’ என்றால் தோள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பொருள்படுகிறது, ‘தோட்குத்துயரம்’ நாவில் புரளவில்லை. பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.