மொசார்ட் கிளாரினெட் கான்செர்ட்டோ: யார் வாசித்ததை எப்படி ஒப்பிடுவது?

யார் வாசிப்பு உசத்தி என்று பேசுவதற்கு முன்னால் எந்த வாத்தியம் என்று பாருங்கள். கான்செர்ட்டோ என்றால் ஒரு தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு; இங்கே அந்தத் தனி வாத்தியம் கிளாரினெட் என்ற ஊதுகுழல். 1791-இல் மொசார்ட் இதை ஆன்டன் ஷ்டாட்லர் என்ற கிளாரினெட் கலைஞருக்காக எழுதினார். அவர் வாசித்தது பாசெட் கிளாரினெட். சாதாரண கிளாரினெட்டைவிட நான்கு அரைச்சுரம் கீழே இறங்கும். மூலக் கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது. 1801-இல் அச்சானபோது, சாதாரண கிளாரினெட்டுக்கு எட்டாத சுரங்களையெல்லாம் மேல் ஸ்தாயிக்குத் தூக்கி வைத்துவிட்டார்கள். ஜாக் பிரைமர், கார்ல் லைஸ்டர், ஆல்ஃபிரட் பிரின்ஸ் வாசித்தது இந்த வடிவம்தான். முதல் பகுதியில் கடகடவென்று இறங்கிவரும் சுரவரிசை, அடியைத் தொடப்போகும் நேரத்தில் சட்டென்று மேலே தாவினால் வாசிப்பவரைக் குறை சொல்லாதீர்கள். சபீன் மேயர் 1990-இல் ட்ரெஸ்டன் இசைக்குழுவோடு பாசெட் கிளாரினெட்டில் செய்த பதிவில் அதே இடம் அடிவரை இறங்கும்.

*

சரிதான். ஆனால் பாசெட் என்றதுமே கூடுதல் மதிப்பெண் போட்டுவிட வேண்டாம். அந்தக் கீழ்ச்சுரங்களை அழுத்தி ஊதினால் மேலே உள்ளவற்றோடு ஒட்டாமல் தனியாகக் கத்தும். கடைசிப் பகுதியான ரோண்டோவை ஓட்டமாக எடுத்தால் இன்னும் மோசம்: கீழ்ச்சுரம் முழுசாக எழும்புவதற்குள் அடுத்த தாவல் வந்துவிடும்.

என் கணக்கில் உண்மையான சோதனை, மெதுவான நடுப்பகுதியான அடாஜியோவின் 59-ஆம் பார் (தாளக் கட்டம்). அங்கே நிறுத்தக் குறி போட்டிருக்கிறது. வாசிப்பவர் சொந்தமாகக் கொஞ்சம் சேர்த்து, முதல் மெட்டுக்குத் திரும்ப வேண்டும். அது வெறும் பாலம். ஒரே மூச்சில் முடிந்தால் அழகு. தனி ஆவர்த்தனம் மாதிரி நீட்டினால், அடுத்து மெல்லிய குரலில் வரும் மெட்டு எடுபடாது. பீச்சம் இசைக்குழுவை நடத்த பிரைமர் வாசித்த அடாஜியோ நல்ல விளம்ப காலம். அந்த வேகத்தில் மூச்சு எங்கே எடுக்கிறார் என்று கவனியுங்கள், வாக்கியம் அறுபடாது. இன்னொரு கிளாரினெட் கலைஞர் மார்ட்டின் ஃப்ரோஸ்ட், திரும்பி வரும் மெட்டுக்குக் கொஞ்சம் நகை பூட்டுகிறார். எனக்குப் பிடிக்கும், சிலருக்கு எரிச்சல்.

*

ஒரு நடைமுறை விஷயம். பழங்கால வாத்தியக் குழுக்கள் பெரும்பாலும் 430 ஹெர்ட்ஸ் சுருதியில் வாசிக்கும். இன்றைய வழக்கமான 440-இல் ஒன்றைக் கேட்டுவிட்டு உடனே இதற்கு மாறினால், அரைச்சுரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சுருதி இறங்கும். உடனே "நாதம் மங்கல்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நடுவே பத்து நிமிடம் இடைவெளி விடுங்கள். ஒலி அளவையும் சமமாக வையுங்கள். சத்தமான பதிவுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும். முழுசாகக் கேட்க நேரமில்லை என்றால், அடாஜியோவை மட்டும் மூன்று பேரிடம் அடுத்தடுத்துக் கேட்டாலே வித்தியாசம் பிடிபடும்.