மறு: கொள்கலன் பிணையச் சொற்கள் (நேம்ஸ்பேஸ், வீத், ஓவர்லே)

அனைவருக்கும் வணக்கம். கொள்கலன் (கன்டெய்னர்: ஒரே கணினியில் மற்றவற்றிலிருந்து பிரித்து இயக்கப்படும் நிரல்) பிணையச் சொற்களுக்கு முன்வைக்கப்பட்ட தமிழாக்கங்களுக்கும் கேள்விகளுக்கும் என் பதில்கள் இவை.

> 'பெயர்வெளி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, 'பிணையப் பெயர்வெளி' போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். நிரல்மொழிகளில் நேம்ஸ்பேஸுக்குப் பெயர்வெளி அழகாகப் பொருந்துகிறது. அங்கே பிரிபடுவது பெயர்கள்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல், நேம்ஸ்பேஸ் வழியாகக் கொள்கலனுக்குத் தனியாகக் கொடுப்பது வேறு: இடைமுகங்கள், வழித்தட அட்டவணை, ஃபயர்வால் விதிகள், போர்ட் எண்கள். ஒரே சர்வரில் பத்துக் கொள்கலன்கள் ஆளுக்கொரு 80ஆம் போர்ட்டைத் திறந்து வைத்திருக்க முடிவது இதனால்தான். இதில் 'பெயர்' வாசகரைத் தவறான பக்கம் இழுக்கிறது. 'பிணையவெளி' என்றே வைப்போம்.

லினக்ஸில் இன்று எட்டு வகை நேம்ஸ்பேஸ்கள் உள்ளன. 'வெளி' பொது ஈறாக நின்றால் மற்றவையும் ஒரு குடும்பமாக வந்துவிடும். யூசர் நேம்ஸ்பேஸ் மட்டும் இடிக்கும், ஏனென்றால் யூசர் ஸ்பேஸை (கெர்னலுக்கு வெளியே சாதாரண நிரல்கள் இயங்கும் பகுதி) 'பயனர்வெளி' என்று எழுதுவோர் உண்டு. அங்கே பிரிபடுவது பயனர் எண்கள் என்பதால் 'பயனரெண்வெளி' எனலாம்.

> வீத் பேர் = மெய்நிகர் ஈதர்நெட் இரட்டை

இந்தச் சொல்லில்தான் நாம் அதிகம் கவனம் வைக்க வேண்டும். கொள்கலன் பிணையம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. 'இரட்டை' என்றால் ஒன்றுபோல் இரண்டு என்று மட்டுமே தெரியும். வீத்தின் இயல்பு அதுவல்ல. ஒரு முனையில் நுழைந்த பாக்கெட் மறுமுனையில் வெளிவரும். இரண்டும் சேர்ந்தே பிறக்கும், ஒன்றை அழித்தால் மற்றதும் அழியும். கொள்கலன்களை உருவாக்கி இயக்கும் கருவியான டாக்கர் ஒரு முனையைக் கொள்கலனின் பிணையவெளிக்குள் தள்ளி ஈத்0 என்று பெயரிடுகிறது. மற்றதை ஹோஸ்டில் (கொள்கலன்கள் இயங்கும் கணினி) உள்ள டாக்கர்0 பாலத்தில் (பிரிட்ஜ்: இடைமுகங்களை ஒன்றிணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) இணைக்கிறது. கொள்கலன் நின்றதும் ஹோஸ்ட் பக்கத்து முனையும் காணாமல் போவதற்குக் காரணம் இந்தப் பிணைப்பே.

ஆகவே 'இணைமுனை' என்பது என் முன்மொழிவு. இரு முனைகளைத் தனித்தனியே குறிக்கவும் சொல் வேண்டும். 'உள்முனை, வெளிமுனை' என்றால் பிணையவெளியின் 'வெளி'யோடு குழம்பும். அகமுனை, புறமுனை என்போம். தமிழருக்கு அகமும் புறமும் விளக்கத் தேவையில்லாதவை. ஒரு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

"புறமுனை பாலத்தில் சேரவில்லை. அதனால் அகமுனையிலிருந்து 172.17.0.1க்குப் பிங் போகவில்லை."

172.17.0.1 என்பது டாக்கர்0 பாலத்தின் வழக்கமான முகவரி, பிங் என்பது இணைப்பைச் சோதிக்கும் கட்டளை. பிழை தேடுகிறவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

'பாலம்' வேரூன்றிவிட்டது, தொட வேண்டாம். ஆனால் டாக்கர் தானாகத் தரும் பாலத்தையும் நாம் உருவாக்கும் பாலத்தையும் வேறுபடுத்தியாக வேண்டும். முன்னதில் கொள்கலன்கள் ஒன்றையொன்று பெயரால் கண்டுபிடிக்க முடியாது. பின்னதில் 127.0.0.11இல் இருக்கும், பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் அதைச் செய்துதரும். 'இயல்புப் பாலம்', 'தனிப்பாலம்' சரிவருமா?

> ஓவர்லே நெட்வொர்க் = மேலடுக்குப் பிணையம்

பல கணினிகளில் உள்ள கொள்கலன்களை ஒரே பிணையத்தில் இருப்பதுபோல் இணைப்பது ஓவர்லே. ஆனால் 'அடுக்கு' ஏற்கெனவே சுமை தாங்காமல் நிற்கிறது. பிணையத்தைப் படிநிலைகளாகப் பிரிக்கும் ஓஎஸ்ஐ மாதிரியின் அடுக்கு, கொள்கலன் இமேஜின் அடுக்கு, போதாததற்கு ஓவர்லே கோப்பு முறைமை வேறு. 'மேற்பிணையம்' என்றால் அதைத் தாங்கும் உண்மைப் பிணையம் 'அடிப்பிணையம்' ஆகிவிடும். மேற்பிணையம் அமைக்கப் பயன்படும் நெறிமுறையான விஎக்ஸ்லேனில் மேற்பிணையத்தின் ஈதர்நெட் சட்டகம் முழுவதும் அடிப்பிணையத்தின் யூடிபி பாக்கெட்டுக்குள் போகிறது. இந்த 'உறையிடல்' 50 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், அடிப்பிணையம் 1500 பைட்டுகளை அனுமதித்தால் மேற்பிணையத்தில் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1450 ஆக வைக்க வேண்டும். பிங் போகிறது, பெரிய கோப்பு மட்டும் பாதியில் நிற்கிறது என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. மேல், அடி என்று சொற்களே பிரித்துக் காட்டினால் இதை விளக்குவது எளிது.

> எல்லாவற்றையும் ஒலிபெயர்த்தே எழுதினால் என்ன?

டாக்கர், விஎக்ஸ்லேன், டிஎன்எஸ், போர்ட் அப்படியே இருக்கட்டும். 'துறை' அரசுத்துறையையும் 'வாயில்' கேட்வேயையும் நினைவூட்டுவதால் போர்ட்டே நல்லது. ஆனால் கருத்தைச் சுமக்கும் சொற்களை ஒலிபெயர்த்தால் முதன்முறை படிக்கும் மாணவர் கட்டளைகளை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுவார். அது எனக்கு ஏற்புடையதல்ல.

மாஸ்கரேட் இன்னும் பாக்கி. கொள்கலனின் முகவரியை மறைத்து ஹோஸ்டின் முகவரியோடு பாக்கெட்டை வெளியே அனுப்புவது அது. 'முகவரி மாற்றம்' என்றால் நேட்டுக்கும் (பாக்கெட்டின் முகவரியை மாற்றும் பொது முறை) அதுவே வரும். 'முகவரிப் போர்வை' என்று ஒன்று தோன்றுகிறது. இதைவிடப் பொருத்தமானது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்