ரெனோ பல்ஸுக்கு நிஸான் மைக்ரா சாமான் எதெல்லாம் சேரும்?

திண்டுக்கல்_டீசல்:
வணக்கம். அப்பாவோட 2012 ரெனோ பல்ஸ் டீசல் இப்போ என் கையில இருக்கு. 1,38,000 கிலோமீட்டர் ஓடியாச்சு, இன்ஜின்ல ஒரு குறை சொல்ல முடியாது. போன மாசம் நத்தம் ரோட்டுல ராத்திரி ஒரு பள்ளத்துல இறங்கிருச்சு. அன்னைலேருந்து இடது பக்கம் முன்னாடி 'டக் டக்'னு சத்தம். சக்கரத்தை வண்டியோட கீழ்ப்பக்கம் இணைக்கிற லோயர் ஆர்ம் போயிருச்சு, வீல் பேரிங்கும் ஊளையிடுதுன்னு மெக்கானிக் சொல்றார். முன் பம்பர் கீழ ஒரு ஜாண் கிழிஞ்சு தொங்குது. இன்ஜின்ல வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கிற டைமிங் பெல்ட்டை எப்போ மாத்தினோம்னு அப்பாவுக்கு ஞாபகமே இல்ல.

வழக்கமா சர்வீஸுக்கு வண்டி விடுற இடத்துல கேட்டா, ஆர்டர் போட்டாலும் 45 நாள் ஆகும், அதுவும் உறுதி இல்லைன்னுட்டாங்க. மெக்கானிக்கோ "ரெண்டும் ஒரே வண்டிதான், மைக்ரா சாமான் வாங்கிட்டு வாங்க"ங்கிறார். எதை நம்பி வாங்கலாம், எதைத் தொடக் கூடாது? அப்பா ரிட்டயர் ஆன பணத்துல வாங்கின வண்டி. விக்க மனசு வரல.

கோவை_மைக்ரா:
என்கிட்ட 2011 மைக்ரா பெட்ரோல் இருக்கு. ரெண்டுக்கும் டயர் ஒண்ணுதான், 165/70 ஆர்14. பக்கத்து வீட்டு பல்ஸ் பஞ்சர் ஆனப்ப என் ஸ்டெப்னியைப் போட்டுத்தான் ஓட்டிட்டுப் போனாங்க. லோயர் ஆர்ம் பத்தி எனக்கு அனுபவம் இல்ல, தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

ஜிபி_ரோடு_கவுண்டர்:
தம்பி, சென்னை ஜி.பி. ரோட்டுல ஒரு சாமான் கடை கவுண்டர்ல 19 வருஷமா நிக்கிறேன். உங்க மெக்கானிக் சொன்னதுல பாதி சரி. மீதிப் பாதியில பணம் போயிடும்.

ரெண்டும் ஒரகடத்துல ஒரே ஃபேக்டரியில செஞ்ச வண்டி. மைக்ரா 2010-ல வந்துச்சு, 2012 ஜனவரியில அதே உடம்புக்கு வேற முகம் வெச்சு பல்ஸ்னு விட்டாங்க. பேட்ஜைப் பார்த்து சாமான் வாங்காதீங்க. பெட்ரோலா டீசலா, எந்த வருஷம், இந்த ரெண்டும்தான் முக்கியம். விழுப்புரத்துலேருந்து ஒருத்தர் பல்ஸ் டீசலுக்குன்னு சொல்லாம "மைக்ரா முன் ஸ்பிரிங் ஒரு ஜோடி"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனார். நானும் கேக்காம பெட்ரோலுக்கானதை எடுத்துக் குடுத்துட்டேன். டீசல் இன்ஜின் கனம் ஜாஸ்தி. மாட்டினதும் வண்டி மூக்கைத் தாழ்த்திக்கிட்டு நின்னுச்சாம். பாவம், அவ்வளவு தூரம் திரும்பி வந்தார். தப்பு என்னோடது, மாத்திக் குடுத்தேன். அன்னைலேருந்து எந்த வண்டின்னு கேக்கிறதுக்கு முன்னாடி என்ன இன்ஜின்னுதான் கேக்கிறேன்.

இப்போ நம்பர் விஷயம். நிஸான் பார்ட் நம்பர்ல முதல் அஞ்சு எண் அது என்ன சாமான்னு சொல்லிடும். 15208 ஆயில் ஃபில்டர், 16546 ஏர் ஃபில்டர், 54500 வலது லோயர் ஆர்ம், 54501 இடது. ரெண்டு கம்பெனியும் கை கோத்ததுக்கு அப்புறம் ரெனோவோட புது நம்பர்களும் இதே வரிசைக்கு வந்துடுச்சு, கடைசியில 'ஆர்'னு ஒரு எழுத்து இருக்கும். உங்களுக்கு வேண்டியது 54501-ல தொடங்கும். நிஸான் பெட்டியில வந்தாலும் ரெனோ பெட்டியில வந்தாலும் பரவால்ல. ஆனா அஞ்சு எண் சேர்ந்தா சாமானோட வகைதான் சேருது. மீதி எண்ணை உங்க சேஸிஸ் நம்பர் போட்டு கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்க. ஆர்.சி. புக் போட்டோ அனுப்பினாலே போதும். பேரிங் வாங்கும்போது வண்டியில ஏ.பி.எஸ்., அதான் பிரேக் அடிக்கிறப்ப சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற அமைப்பு, இருக்கா இல்லையான்னும் சொல்லிடுங்க.

இன்ஜின் கதை தலைகீழ். உடம்பு நிஸானோடது, ஆனா உங்க 1461 சி.சி. டீசல் ரெனோவோட கே9கே. மைக்ரா டீசல் வெச்சிருக்கிறவர்தான் ரெனோ பெட்டியைத் தேடணும். லோகன், டஸ்டர், ஸ்காலா, சன்னி டீசல் எல்லாத்துலயும் இந்த இன்ஜின் குடும்பம்தான், அதனால பெல்ட் கிட் கிடைக்கும். டஸ்டர் 110 குதிரைத்திறன் வண்டியோட டர்போ, இன்ஜெக்டரை மட்டும் உங்களோடதுன்னு நினைச்சு வாங்கிடாதீங்க, அது வேற. பழைய பெல்ட்டோட பல்லை எண்ணி, அகலத்தை அளந்து, புதுசோட ஒப்பிட்டுப் பாருங்க.

ஞாபகம் இல்லாத பெல்ட்டை வெச்சு ஓட்டாதீங்க தம்பி, கும்பிட்டுக் கேக்கிறேன். இதுல பெல்ட் அறுந்தா வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும், ஹெட்டைக் கழட்டணும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், வாட்டர் பம்ப் ரெண்டையும் கூடவே மாத்துங்க. பம்ப்பையும் அந்த பெல்ட்தான் சுத்துது.

பம்பர், கிரில் பல்ஸுக்குன்னு தனியா போட்டது. ஒரு ஜாண் கிழிசலுக்குப் புதுசு தேட வேண்டாம். பிளாஸ்டிக் வெல்டிங் பண்றவர் திண்டுக்கல்லயே இருப்பார், ஒட்டி பெயின்ட் அடிச்சிடலாம். 2013-ல மைக்ராவுக்கு முகத்தை மாத்தினாங்க, அந்தப் புது முக மைக்ராவோட ஹெட்லைட் உங்களுக்கு உக்காராது. கதவு, கண்ணாடி மாதிரி சாமான் புதுப்பேட்டையில பழசு எடுக்கலாம். லோயர் ஆர்ம், பேரிங் பழசு வேண்டவே வேண்டாம். இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர் பெட்டியான ஈ.சி.யூ.வும் பழசு வாங்காதீங்க, சாவியோட ஜோடி சேர்க்காம வண்டி ஸ்டார்ட் ஆகாது.

மதுரை_கிளான்ஸா:
அண்ணன் சொன்ன வருஷக் கணக்கு டொயோட்டா கிளான்ஸாவுக்கும் பொருந்தும். 2019-ல வந்தப்ப அது பேட்ஜ் மாத்தின மாருதி பலேனோதான், என் வண்டிக்கு பலேனோ பிரேக் பேட்தான் போட்டிருக்கேன். 2022-ல வந்த வண்டியில ரெண்டுக்கும் முன் பம்பர் வேற வேற. தெரியாம என் தம்பி பலேனோ பம்பர் வாங்கிட்டு வந்துட்டான், நல்லவேளை கடையில திருப்பி எடுத்துக்கிட்டாங்க.

திண்டுக்கல்_டீசல்:
பன்னிரண்டு நாள் கழிச்சு எழுதுறேன். சேஸிஸ் நம்பர் குடுத்ததும் மதுரையிலயே நிஸான் பெட்டியில லோயர் ஆர்ம் கிடைச்சுது, 54501 தொடக்கம்! துளை எல்லாம் அப்படியே பொருந்திச்சு. பேரிங்கும் ஆச்சு, சத்தம் நின்னுருச்சு. பம்பர் ஒட்டி பெயின்ட் அடிக்க 1,400 ரூபாய்.

பெல்ட்டைக் கழட்டினா உள்பக்கம் ஏழெட்டு இடத்துல வெடிப்பு, ஒரு பல்லு பாதி பிஞ்சிருந்தது. மெக்கானிக் அதை அப்பா கையில குடுத்தார். அப்பா அதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, புது பெல்ட் போட்ட தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி டேஷ்போர்டுக்குள்ள ஒட்டிட்டார்.

ஜி.பி. ரோடு அண்ணே, ரொம்ப நன்றி. அடுத்து கிளட்ச் மாத்தணும். அதுக்கு ஸ்காலா டீசல் பிளேட் சேருமா?

ஜிபி_ரோடு_கவுண்டர்:
ஆர்.சி. புக் போட்டோ அனுப்பு தம்பி. நம்பர் பார்த்துச் சொல்றேன்.